ஐந்தாவதாக வருபவரின் இடத்தையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டப் பள்ளிகளுக்கு இடையிலான, திறந்தவெளியில் நெடுந்தூரம் ஓடும் குறுக்கோட்டப் போட்டியைப் பற்றித் தங்கள் நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்தில் ஆண்டுதோறும் வெளிவரும் செய்தியில், முதலாவதாக ஓடி வந்த மாணவரின் படமும், வாகை சூடிய பள்ளியின் பெயரும், பரிசு வழங்கிய பிரமுகரின் உரையும் இடம்பெறுகின்றன. தோட்டப்புறப் பிள்ளைகளின் ஓட்டத்துக்கு இவ்வளவு இடமாவது ஒதுக்கும் நாளேடு தங்களுடையது என்பதால் நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். ஆயினும், அடுத்த போட்டியில் எந்தக் குழு வெல்லும் என்று கணிக்க விரும்பும் ஒருவருக்கு அந்தச் செய்தியால் எள்ளளவும் பயனில்லை. அண்மையில் அமெரிக்கக் கல்லூரிப் போட்டி ஒன்றின் முடிவைக் கணிக்கப் போய் நான் பட்ட பாட்டைச் சொன்னால் இதன் காரணம் விளங்கும்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், முன்பு பால்மரமும் (ரப்பர்) இன்று செம்பனையும் சூழ்ந்த ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பல்லாண்டு உடற்கல்வி கற்பித்து ஓய்வு பெற்றவன். என் மகள் வயிற்றுப் பேத்தி அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு சிறிய கல்லூரியில் படிக்கிறாள். அங்கே மகளிர் குறுக்கோட்டக் குழுவிலும் இருக்கிறாள். அந்நாட்டில் கல்லூரிகள் எட்டு, பத்து, பன்னிரண்டு எனக் கூட்டமைப்புகளாகச் சேர்ந்துகொண்டு தமக்குள் போட்டியிடுகின்றன. அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ ஒவ்வொரு கூட்டமைப்பும் தன் வாகையர் ஓட்டத்தை நடத்தும். அதன்பின் வட்டார ஓட்டமும், நவம்பர் மூன்றாம் வாரத்தையொட்டித் தேசிய ஓட்டமும் வரும். மகளிருக்கு 6 கிலோமீட்டர். ஆடவருக்குப் பெரும்பாலான கூட்டமைப்புப் போட்டிகளில் 8 கிலோமீட்டர், முதற்பிரிவுக் கல்லூரிகளின் தேசிய ஓட்டத்தில் 10 கிலோமீட்டர். அங்கே காலை 10 மணி என்றால் அந்தப் பருவத்தில் இங்கே இரவு 10 மணி என்பதால், பேத்தி ஓடும் நாளில் நானும் என் பழைய நண்பர்கள் இருவரும் உணவகத்தில் தே ஓ (பாலில்லாத் தேநீர்) வாங்கி வைத்துக்கொண்டு முடிவுக்காகக் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது.

புள்ளிக் கணக்கு எளிமையானது. ஆனால் பலருக்கும் தெரியாதது. ஒரு குழுவில் எழுவர் ஓடுவர். அவர்களில் முதலில் வந்து சேரும் ஐவரின் இடங்களைக் கூட்டினால் வருவதே குழுவின் புள்ளி. குறைந்த புள்ளி பெற்ற குழுவே வெல்லும். முதல் ஐந்து இடங்களையும் ஒரே குழு பிடித்தால் 15 புள்ளி. அதற்குக் கீழே யாராலும் போக முடியாது. இப்போது ஒரு குழு முதல் மூன்று இடங்களையும் வாரிக்கொண்டு, நான்காமவர் 20ஆவதாகவும் ஐந்தாமவர் 24ஆவதாகவும் வருவதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 50. இன்னொரு குழுவிலிருந்து முதல் ஐந்து இடங்களுக்குள் ஒருவர்கூட வராமல், ஐவரும் 6 முதல் 10 வரையான இடங்களில் ஒட்டிக்கொண்டு வந்தால் அவர்களுக்கு 40. படத்தில் இருப்பவர்கள் முதல் குழுவினர். கோப்பையைத் தூக்கிச் செல்பவர்கள் இரண்டாம் குழுவினர். தங்கள் செய்தியில் முதலாவதாக வந்த மாணவர் ஒரு பள்ளி, வாகை சூடியது வேறு பள்ளி என்று வரும்போதெல்லாம் வாசகர்கள் அச்சுப்பிழை என்று எண்ணிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன்.

ஆறாமவரும் ஏழாமவரும் கூட்டலில் சேர மாட்டார்கள். ஆனால் வெறும் துணைக்கு ஓடுபவர்களும் அல்லர். எதிர்க்குழுவின் ஐந்தாமவருக்கு முன்னால் நம் ஆறாமவர் வந்துவிட்டால், எதிர்க்குழுவின் புள்ளி ஒன்று கூடிவிடும். ஐவரையாவது எல்லைக்கோடு வரை கொண்டுவர முடியாத குழு கணக்கிலிருந்தே நீக்கப்படும். அதன் ஓட்டக்காரர்கள் பிடித்த இடங்களும் குழுக் கணக்கில் மறைந்து, பின்னால் வந்தவர்கள் முன்னேறுவார்கள். சில கூட்டமைப்புகளில் எழுவருக்கும் மேல் ஓட அனுமதி உண்டு என்பதால், எட்டாமவரையும் அவருக்குப் பின்னால் வருபவர்களையும் அதேபோல் நீக்கிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். நேரப் பட்டியலைப் பார்த்து நேராகக் கூட்டுபவன் தொடக்கத்திலேயே தவறிவிடுவான்.

நானும் தவறினேன், ஆனால் வேறு வகையில். சதுரக்கட்ட நோட்டுப் புத்தகத்தில், பருவம் முழுவதும் பேத்தியின் கூட்டமைப்பிலுள்ள பத்துக் கல்லூரிகளும் ஓடிய நேரங்களை எழுதி, எல்லாப் பெயர்களையும் ஒரே வரிசையாக அடுக்கி, இடங்களைக் கூட்டினேன். முதல் கல்லூரிக்கு 41, இரண்டாவதற்கு 70, பேத்தியின் கல்லூரிக்கு 83 என்று வந்தது. மூன்றாவது இடம்தான் என்று நண்பர்களிடம் உறுதியாகச் சொன்னேன். இரண்டாம் கல்லூரியின் நேரங்கள் சமதரையான ஒரு புல்வெளியில், உலர்ந்த நாளில் ஓடியவை. எங்கள் பிள்ளைகளுடையவை மேடுபள்ளத்தில், மழைக்குப் பிந்திய சேற்றில் ஓடியவை. நியூயார்க்கின் வான் கோர்ட்லண்ட் பூங்காவில் குன்றேறி இறங்கி ஓடும் ஒருவரின் நேரத்தையும், சமவெளியில் ஓடும் ஒருவரின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோடுவது, மேட்டு நிலத்து மரத்தில் பால் வெட்டுபவரையும் சாலையோர மரத்தில் வெட்டுபவரையும் வாளியை மட்டும் பார்த்து ஒப்பிடுவது போன்றது. இதை நான் அறியாதவன் அல்லன். என் மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொன்னதுதான். ஆனால் கட்டம் போட்ட தாளில் எண்கள் அழகாக உட்கார்ந்துவிட்டால் எவருக்கும் அறிவு மழுங்கிவிடுகிறது.

முறையான வழி, ஒரே நாளில் ஒரே தடத்தில் இருவரும் ஓடியிருந்தால் அந்த வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வது. நேருக்கு நேர் ஓடியிராவிட்டால், இருவரோடும் வெவ்வேறு நாள்களில் ஓடிய மூன்றாம் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவரைத் தராசின் முள்ளாகக் கொள்வது. 5000 மீட்டர், 10,000 மீட்டர் விளையாட்டரங்கத் தட ஓட்டங்களில் ஒருவர் பதித்த நேரம் ஓரளவே உதவும்; புல், சேறு, திருப்பம், தொடக்கத்தில் பெருங்கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுவது ஆகியவற்றைத் தட ஓட்டம் சோதிப்பதில்லை. அதோடு, பயிற்சியாளர்கள் பருவத் தொடக்கத்தில் தங்கள் சிறந்த ஓட்டக்காரரை வேண்டுமென்றே ஓய்வில் வைப்பார்கள், அல்லது முழு வேகத்தில் ஓடாதே என்று சொல்லி அனுப்புவார்கள். அந்த நாளின் நேரத்தை நம்பியவன் வாகையர் ஓட்டத்தன்று வாய் பிளப்பான். ஐவருக்குள் முதலாமவருக்கும் ஐந்தாமவருக்கும் இடையே எத்தனை நொடி என்பதையே நான் எல்லாவற்றிலும் மேலாக மதிப்பேன். முன்வரிசையில் ஓட்டக்காரர்கள் விலகி விலகி வருவார்கள். அங்கே பத்து நொடி தாமதித்தால் ஓரிரு இடம் போகும். நடுக்கூட்டத்தில் பத்து நொடி என்பது கைநிறைய இடங்கள். ஒரு குழுவின் ஐந்தாமவர் ஓடுவது பெரும்பாலும் அந்த நடுக்கூட்டத்தில்தான்.

நண்பர்களில் ஒருவர் முன்னாள் தோட்டக் கிராணி, அதாவது எழுத்தர். அவருக்கு இந்த விளையாட்டின் அரிச்சுவடியும் தெரியாது. என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இவ்வளவு பேரும் இன்றைக்குப் பெரட்டுக்கு வந்திருக்கிறார்களா?" என்று கேட்டார். பெரட்டு என்பது வேலைக்கு முன் எடுக்கும் ஆள்கணக்கு. தோட்டத்தில் அன்றைய பால் எவ்வளவு வரும் என்று சொல்ல, சிறந்த வெட்டாளர் யார் என்று தாம் ஒருநாளும் பார்த்ததில்லை என்றும், விடியற்காலைப் பெரட்டில் எத்தனை பேர் வரவில்லை என்பதைத்தான் பார்ப்பது வழக்கம் என்றும் சொன்னார். உடனே கைப்பேசியில் அன்றைய தொடக்கப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் கல்லூரியின் மூன்றாவது ஓட்டக்காரியின் பெயரே அதில் இல்லை. காய்ச்சலாம், பிறகு பேத்தி சொன்னாள். மூன்றாமவர் இல்லாவிட்டால் ஒருவர் குறைவதோடு போவதில்லை. நான்காமவர் மூன்றாமவராகி, ஆறாமவர் ஐந்தாமவராகிக் கூட்டலுக்குள் வந்துவிடுகிறார். என் 70 அந்த நொடியே செல்லாக்காசு ஆயிற்று.

முடிவு வந்தபோது முதல் கல்லூரி 44 புள்ளியுடன் எதிர்பார்த்தபடியே வென்றது. பேத்தியின் கல்லூரிக்கு 78. நான் இரண்டாவதாக வைத்திருந்த கல்லூரிக்கு 79. பேத்தி தன் குழுவில் ஆறாவதாக வந்தாள். ஆகவே அவளுடைய இடம் அந்த 78இல் இல்லை. ஆனால் எதிர்க்குழுவின் ஐந்தாமவளைக் கடைசித் திருப்பத்துக்குப் பின் முந்தி, அவளுக்கு ஓரிடம் முன்னால் எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கிறாள். அப்படி முந்தியிராவிட்டால் அவர்களுக்கும் 78 ஆகி, இரு குழுவும் சமமாகியிருக்கும். இரண்டாம் இடத்தை அந்த ஒரே புள்ளி முடிவு செய்தது. இதை நான் கிராணியாருக்கு நோட்டில் எழுதிக் காட்டி விளக்கி முடிப்பதற்குள் கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.

தாத்தா என்பதால் பெரிதுபடுத்துகிறேன் என்று தாங்கள் நினைக்கலாம். அமெரிக்கத் தேசியக் கல்லூரி வாகையர் ஓட்டத்திலேயே இது நடந்திருக்கிறது. 2022இல் ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டர் நகரில் நடந்த ஆடவர் போட்டியில் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகமும் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகமும் தலா 83 புள்ளி பெற்றுச் சமமாக நின்றன. சமநிலை முறிக்கும் விதியின்படி வடக்கு அரிசோனாவுக்குப் பட்டம் போயிற்று. ஓக்லஹோமா மாநிலத்தவர் தோற்றது தங்கள் சொந்தத் தடத்தில். அடுத்த ஆண்டு, 2023இல், மகளிர் போட்டியில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 123, வடக்கு அரிசோனாவுக்கு 124. பயிற்சியாளர் சங்கம் வாராவாரம் தரவரிசை வெளியிடும் நாட்டிலேயே ஓரிட வேறுபாட்டில் பட்டம் முடிவாகிறது.

பழைய கதை ஒன்றும் உண்டு. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் குறுக்கோட்டம் கடும் வெயிலில் நடந்தது. புறப்பட்ட 38 பேரில் ஓடி முடித்தவர்கள் 15 பேர் மட்டுமே. ஃபின்லாந்தின் பாவோ நூர்மி முதலாவதாக வந்ததை எல்லாரும் அறிவர். ஆனால் அப்போது குழுவுக்கு மூவரைக் கணக்கிட்டதால், ஃபின்லாந்தின் மூன்றாமவர் தள்ளாடித் தள்ளாடி 12ஆவதாக வந்து சேர்ந்த பிறகே அந்நாட்டுக்குக் குழுத் தங்கம் உறுதியாயிற்று. அந்த வெயிலுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் குறுக்கோட்டமே இல்லாமல் போயிற்று. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் தடத்தில் காலை பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை ஓடவிடும் ஏற்பாட்டாளர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். அது வேறொரு கடிதத்துக்கான செய்தி.

இந்த ஓட்டம் நமக்கு அந்நியமும் அல்ல. அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் தேசியக் குறுக்கோட்ட வாகையர் போட்டி 1938இல் நடந்தது. அதே 1938இல்தான் கோலாலம்பூரில் ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ் ஓட்டக் குழு பிறந்தது. மெரெந்தாஸ் டேசா என்று நம் பிள்ளைகள் மலாயில் சொல்லும் குறுக்கோட்டத்தில், சோதனைச் சாவடியில் கையில் மாட்டிவிடும் ரப்பர் வளையத்தை வீடு வரை கழற்றாமல் வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! பள்ளியளவில், குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் விளையாட்டு இல்லத்துக்குப் புள்ளி உண்டு என்பதால், கடைசியாக வரும் பிள்ளையையும் கைதட்டி இழுத்து வருகிறோம். மாவட்ட அளவுக்குப் போனதும், நாளேட்டில் ஒருவர் பெயரோடு எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை குறுக்கோட்டச் செய்தி வெளியிடும்போது, முதல் ஆறு பள்ளிகளின் ஓட்டக்காரர்கள் பிடித்த இடங்களை, கூட்டலில் சேர்ந்தவர்கள், சேராதவர்கள் என்று பிரித்து, எண்களாக மட்டுமேனும் அச்சிடுங்கள். பெயர்களுக்கு இடம் இல்லாவிட்டால் பெயர்கள் வேண்டாம். பள்ளிக்கு எழுவர் ஓடினாலும் மொத்தம் 42 எண்களே, இரண்டு விரற்கடை இடத்தில் அடங்கிவிடும். தடத்தின் தூரம், மேடுபள்ளம், முந்திய இரவு மழை பெய்ததா என்ற ஒரு வரியும் சேர்ந்தால், எந்தப் பள்ளி மாநில அளவில் தேறும் என்று பெற்றோரும் பழைய மாணவர்களும் தாங்களே கணித்துப் பார்ப்பார்கள். கணிப்புத் தவறினால் ஏன் தவறியது என்றும் பார்ப்பார்கள். செய்தியாளருக்கு நேரமில்லை என்றால், முடிவுப் பலகை முன்னால் நின்று பட்டியலை எழுதிப் புலனத்தில் (வாட்ஸ்அப்) தங்கள் அலுவலகத்துக்கு அன்று மாலைக்குள் அனுப்பிவைக்க நான் அணியமாக இருக்கிறேன். எண்கள் சரிதானா என்று கிராணியார் ஒருமுறை சரிபார்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்