முதலில் இருக்கைக் கம்பியை அசைத்துப் பார்

சுங்கை சிப்புட்
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பு நண்பா,

உன் கடிதம் வியாழனன்று கைக்கு வந்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று படித்ததில் எங்கள் இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. உன் முழங்கால் வலியும் குறைந்திருப்பது நிம்மதியாக இருக்கிறது. கிள்ளானில் ஒரு பழைய சாமான் கடையில் ராலே ரேஸிங் சைக்கிள் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், கடை முதலாளியான தவுக்கே 250 வெள்ளி கேட்பதாகவும் எழுதி, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். காசை எடுப்பதற்கு முன் இருக்கைக் கம்பியும் ஹேண்டல் தண்டும் குழாய்க்குள் இறுகிப்போகாமல் அசைகின்றனவா என்று பார்த்துவிடு. சாயம், துரு, கிழிந்த இருக்கை எல்லாம் அதற்கு அடுத்த பேச்சு.

இதை நான் பட்டு அறிந்து சொல்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் இங்கே பழைய இரும்பு வாங்கும் கடையில் ஒரு ஜப்பானியச் சைக்கிளை 80 வெள்ளிக்கு வாங்கினேன். ஒட்டியிருந்த பெயரெல்லாம் உரிந்துபோய், பின்சக்கரம் துருவேறிக் கிடந்தாலும், பிரேம் நேராக இருந்தது. ஹேண்டல் பொருந்தும் குழாய்க்குச் சற்றுப் பின்னே, மேல் குழாயின் அடியிலும் சாய்ந்த குழாயின் அடியிலும் விரலை ஓட்டிப் பார்த்தேன். முன்னால் எதிலாவது மோதிய சைக்கிளாக இருந்தால் அந்த இடத்தில்தான் மேடு தட்டும், சாயம் கோடுகோடாக வெடித்திருக்கும். பிறகு பின்சக்கர அச்சு உட்காரும் ஒரு காதிலிருந்து நூலை இழுத்து, முன்குழாயைச் சுற்றி மறுகாதுக்குக் கொண்டுவந்து கட்டி, நூலுக்கும் இருக்கைக் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தேன். இரண்டும் ஒன்றாக இருந்ததால் மனநிறைவோடு வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். இருக்கைக் கம்பியை மட்டும் அசைத்துப் பார்க்கவில்லை.

அந்தக் கம்பி அலுமினியம், பிரேமோ எஃகு. வியர்வையும் மழைநீரும் உள்ளே இறங்கினால் இரண்டுக்கும் இடையே அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகிறது. அந்தப் பொடி மூல உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், ஆப்பு வைத்ததுபோல் கம்பி குழாயோடு இறுகிவிடும். ஒரு வாரம் எண்ணெய் விட்டும் அது மயிரிழைகூட அசையவில்லை. எண்ணெய்க்கு இளகாத கம்பிக்கு அமோனியா விடுவது பழைய சைக்கிள்காரர்களின் வழக்கம் என்பதால், வீட்டுக்குப் பின்னால் காற்றோட்டமான இடத்தில் பிரேமைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சின் துளை வழியே அமோனியாக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டேன்.

மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறிய அந்த நெடியில் நான் அப்படியே நின்றுவிட்டேன். நம் ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையின் வாடை அது. மரம் வெட்டி எடுத்த ரப்பர் பால் உறைந்துவிடாமலிருக்க மங்குக் கிண்ணத்திலும் வாளியிலும் விடுவார்களே, அதே அமோனியா. அப்பா விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து இருட்டிலேயே கிளம்புவதும், 28 இஞ்ச் சக்கரமும் கம்பி பிரேக்கும் கொண்ட அவருடைய கறுப்புச் சைக்கிளில் இரண்டு பக்கமும் பால் தகரங்கள் தொங்குவதும் கண்முன் வந்தன. இன்று அந்த நிரைகளில் செம்பனைதான் நிற்கிறது.

நான்கு நாள் கழித்து, கம்பியின் தலையை வைஸ் என்ற பட்டறை இடுக்கியில் இறுகக் கடிக்கவிட்டு, பிரேமையே நெம்புகோலாகப் பிடித்துத் திருப்பினேன். மரம் முறிவதுபோல் ஓர் ஓசை கேட்டது. அதன்பின் முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பி, அரை மணி நேரத்தில் முழுக் கம்பியும் வெளியே வந்தது.

பெடல் அச்சில் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. அச்சின் குண்டுகளைத் தாங்க இரண்டு பக்கமும் பிரேமில் திருகியிருக்கும் கிண்ணம்தான் கப். ஆங்கில மரை வெட்டிய பிரேமில் வலப்பக்கக் கப் இடமரை கொண்டது, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். அது தெரிந்திருந்தும், அன்றைக்கு அவசரத்தில் ஸ்பேனருக்கு நீளக் குழாய் மாட்டி எதிர்த்திசையில் இழுத்தேன். கப்பின் விளிம்பு மழுங்கியதோடு, ஸ்பேனர் வழுக்கிப் பிரேமிலும் ஆழமான கீறல் விழுந்துவிட்டது. கடைசியில் கப்புக்குள் ஒரு தடித்த போல்ட்டை விட்டு, இரண்டு பக்கமும் வாஷர் வைத்து நட்டை முறுக்கினேன். நட்டு இறுகும் திசையும் கப் கழலும் திசையும் ஒன்றே என்பதால் கப் தானாகக் கழன்றது. புதிய கப்களில் பக்கத்துக்குக் கால் இஞ்ச் குண்டுகள் 11 வீதம் கிரீஸில் பதித்து மூட்டியிருக்கிறேன்.

கியர் சன்டூர் என்ற ஜப்பானிய நிறுவனத்துடையது. 1964இல் அவர்கள் கொண்டுவந்த சாய்ந்த அமைப்பு, செயினை வழிநடத்தும் சிறு சக்கரத்தை எல்லாப் பல்சக்கரங்களிலிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வைத்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவிப் புது ஒயர் போட்டதுமே, இத்தனை ஆண்டு கிடந்த பொருள் என்று சொல்ல முடியாதபடி தடங்கலின்றி மாறுகிறது. சக்கரங்களை மட்டும் மாற்றிவிட்டேன். பழைய 27 இஞ்ச் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மில்லிமீட்டர், இப்போது எங்கும் கிடைக்கும் 700சி ரிம்மில் அது 622. எனவே பிரேக் கட்டைகள் 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். என் பிரேக்கில் அதற்கு இடம் இருந்தது.

உன் ராலேயைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். நாட்டிங்ஹாம் தொழிற்சாலையில் செய்த பல ராலேக்களில் பெடல் அச்சின் மரை இஞ்சுக்கு 26 சுற்று; மற்ற ஆங்கிலச் சைக்கிள்களில் அது 24. ஆகவே கப்கள் கெட்டுத் தெரிந்தாலும் தூக்கி எறிந்துவிடாதே, கடையில் வாங்கும் புதியது உட்காராமல் போகலாம். ரேனால்ட்ஸ் 531 என்ற ஸ்டிக்கர் இருப்பதாக எழுதியிருந்தாய். 1935 முதல் பெயர்பெற்ற எஃகுக் குழாய்தான். ஆனால் ஸ்டிக்கரைத் தனியாகவே வாங்கி ஒட்டிவிட முடியும். பிரேமைத் தூக்கி எடை குறைவாக இருக்கிறதா என்று பார், இருக்கைக் கம்பி வெளியே வந்தால் அதில் பொறித்திருக்கும் அளவைப் படி. அந்தக் குழாய்க்கு வழக்கமான 27.2 மில்லிமீட்டர் என்றிருந்தால் ஸ்டிக்கரை ஓரளவு நம்பலாம்.

கம்பி அசைந்தால் 250 வெள்ளிக்கே வாங்கிவிடு. அசையாவிட்டால் பாதி விலைக்குக் கேள்; தவுக்கே இறங்கவில்லை என்றால் விட்டுவிடு, உன் முழங்காலை வைத்துக்கொண்டு நீ வைஸோடு மல்லுக்கட்ட வேண்டாம். வாங்கினால் அதைப் பிரிக்காமல் வை. அடுத்த மாதம் கிரீஸும் ஸ்பேனர்களும் எடுத்துக்கொண்டு நானே ரயிலில் வருகிறேன். அதற்குள் காலின் உட்புற உயரத்தைச் சுவரோடு நின்று அளந்து எழுது. பிரேம் உனக்குப் பொருந்துமா என்று நான் கணக்குப் பார்க்க வேண்டும்.

என்றும் உன் நண்பன்