எனக்குக் கணக்கு சொல்ல வேண்டாம்

கண்ணம்மா,

உன் மெசேஜைப் பார்த்தேன். குடியை நிறுத்த ஆன்லைனில் ஒரு குழுவில் சேரலாமா என்று யோசிக்கிறாய், மைண்ட்ஃபுல்னஸ் என்று ஏதோ எட்டு வார வகுப்பும் இருக்கிறதாம், "இதெல்லாம் வேலைக்கு ஆகுமாப்பா?" என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் உனக்கு அழுகை வந்துவிடும், எனக்குக் குரல் கம்மிவிடும், சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும். அதனால் எழுதிவிடுகிறேன்.

ஆகும். ஆனால் முதலில் டாக்டர். காலையில் கை நடுங்குகிறது, ஒரு வாய் உள்ளே போனால்தான் நிற்கிறது என்று நீயேதான் சொன்னாய். அந்த அளவுக்குப் போனவர்கள் சட்டென்று ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கப்புறம் ஜுரம், ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது என்று போய் உயிருக்கே வினையாகலாம். மனஉறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. தினமும் மதுவுக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றதும் அளவுக்கு மீறிப் பரபரக்கிறது, அவ்வளவுதான். சில நாளைக்கு மருந்து கொடுத்து அதை அடக்குவார்கள், தயமின் என்கிற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். குடிக்காமல் இருக்க உதவுவதற்கு நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று மாத்திரைகள் இருக்கின்றன, உனக்கு எது ஒத்துவரும் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். குழுவில் யாராவது நல்ல மனதோடுதான் "நான் மருந்தே எடுக்காமல் நிறுத்தினேன்" என்பார்கள். அது அவர்கள் உடம்பு. மாத்திரை விஷயத்தை மட்டும் குழுவில் கேட்டு முடிவு செய்யாதே.

சரி, மைண்ட்ஃபுல்னஸுக்கு வருகிறேன். "மனதைக் காலியாக வைத்துக்கொள்வதெல்லாம் எனக்கு வராது" என்று எழுதியிருந்தாய். யாருக்கும் வராதும்மா, யாரும் அதைக் கேட்கவும் இல்லை. 1979-ல் ஜான் கபாட்-ஜின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில், நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்தவர்களுக்காக ஆரம்பித்த பயிற்சி அது, உடம்பிலும் மனதிலும் அந்த நேரத்தில் நடப்பதை விரட்டாமல் கவனிப்பது, அவ்வளவுதான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆலன் மார்லட்டும் அவருடைய சகாக்களும் பிற்பாடு அந்த வழியைக் குடிப்பழக்கத்துக்கு ஏற்றபடி அமைத்தார்கள். மார்லட் சொன்னது இதுதான்: குடிக்க வேண்டும் என்கிற உந்துதல் அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், நீ ஒன்றுமே செய்யாவிட்டாலும் இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். குடிக்கிற வரைக்கும் அது ஏறிக்கொண்டே போகும் என்றுதான் நாம் நினைக்கிறோம், ஆனால் உச்சிக்கு வருவதற்கு முன்னாலேயே ஊற்றிக்கொள்கிறவருக்கு அது இறங்கும் என்பது தெரிய வாய்ப்பே இல்லையே.

சாயங்காலம் வேலை முடிந்து லேப்டாப்பை மூடுகிற நேரம்தான் உனக்குக் கஷ்டம் என்றாய். அந்த நேரத்தில் எழுந்து போகாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார். தாடை இறுகியிருக்கிறதா, நாக்குக்கு அடியில் எச்சில் ஊறுகிறதா, நெஞ்சுக்குழியில் ஏதோ பிடித்த மாதிரி இருக்கிறதா, விரல்கள் எதையாவது பிடிக்கத் துடிக்கின்றனவா. விரட்ட வேண்டாம், அதோடு வாதாடவும் வேண்டாம். மூச்சைக் கவனித்துக்கொண்டே "இப்போ கூடுது", "இப்போ தொண்டைக்கு வந்துட்டுது", "கொஞ்சம் விட்டுட்டுது" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு இரு. கண்ணை மூடினால் பழைய ஞாபகங்கள் வந்து மூச்சு முட்டுகிறது என்றால் திறந்தே வைத்துக்கொள், பாதம் தரையில் படுகிறதைக் கவனி, போதும். (நான் இதை என் கோபத்துக்குச் செய்து பார்க்கிறேன். பலன் உண்டா என்று உன் அம்மாவைக் கேள்.)

உடனே பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதே. 2014-ல் வெளியான ஒரு ஆய்வு, சிகிச்சை முடித்த 286 பேரை வைத்துச் செய்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, இந்தப் பயிற்சி எடுத்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவான நாட்களே போதைப் பக்கம் போயிருந்தார்கள், மொடாக்குடியும் குறைந்திருந்தது. ஆரம்ப மாதங்களில், மறுபடி குடியில் விழாமல் தடுக்கச் சொல்லித்தருகிற வழக்கமான பயிற்சியை அது முந்தவில்லை.

ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு, தனியாக இருக்கும்போது, மூச்சைக் கவனி என்றால் சில நாள் எரிச்சல்தான் வரும். அந்த நேரத்துக்கு ஆட்கள் வேண்டும். குடியை விட நினைக்கிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழு ஆரம்பித்த கதை தெரியுமா? 1935-ல் பில் வில்சன் என்கிற பங்குச்சந்தை ஆள், தொழில் விஷயமாக ஒஹையோவில் இருக்கும் ஆக்ரனுக்குப் போய், போன காரியம் கெட்டு, ஹோட்டலில் தனியாக நின்றுகொண்டிருக்கிறார், பக்கத்திலேயே பார். அவர் பாருக்குள் போகாமல் போனை எடுத்து, தன்னை மாதிரியே குடியில் மாட்டிய ஒருவரோடு பேசியாக வேண்டும் என்று விசாரிக்க ஆரம்பித்தார். அப்படித்தான் டாக்டர் பாப் ஸ்மித் கிடைத்தார், இருவருமாகத்தான் அந்தக் குழுவை ஆரம்பித்தார்கள். எல்லாமே ஒரு போன் காலில் தொடங்கியதுதான், அதனால் திரை வழியாகப் பேசுவதை அரைகுறை என்று நினைக்காதே. 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அந்தக் குழுக்களோடு ஆட்களை முறையாக இணைத்துவிடுகிற சிகிச்சை, அறவே குடிக்காமல் இருப்பதற்கு மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்று சொன்னது.

அந்தக் குழுவில் வருகிற கடவுள் பேச்சு உனக்கு ஒத்துவராது என்றால் ஸ்மார்ட் ரெக்கவரி என்று இன்னொரு குழு இருக்கிறது, 1994-ல் வந்தது, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பார்க்கிற வழி. இரண்டிலும் உட்கார்ந்து பார், எது பிடிக்கிறதோ அதில் இரு. பெண்கள் மட்டும் கூடுகிற ஆன்லைன் கூட்டங்களும் உண்டு, நான் உன் இடத்தில் இருந்தால் அங்கேதான் ஆரம்பிப்பேன். குடிக்கிற ஆணுக்கு இந்த ஊர் உலகம் கொடுக்கிற சலுகையைப் பெண்ணுக்குக் கொடுப்பதில்லை, முகம் காட்டாமல் முதலில் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க முடிகிறது என்பது உனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். கேமராவை அணைத்து வை, முழுப்பெயர் போடாதே. புதிதாக வந்தவளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பி அக்கறை காட்டுகிற ஆண்களுக்குப் பதிலே போடாதே, குழுவை நடத்துகிறவரிடம் சொல்லிவிடு.

ஒரு நாள் தவறிப்போனால்? அதையும் மார்லட் யோசித்து வைத்திருந்தார். முதல் கிளாஸைவிட, "போச்சு, எல்லாம் போச்சு, இனி பாட்டிலை முடித்துவிடுவோம்" என்கிற நினைப்புதான் ஆளைச் சாய்க்கிறது என்றார். நாள் எண்ணுகிற ஆப் உன்னைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகும். அதுவரைக்கும் குடிக்காமல் இருந்த நாட்கள் நடந்தவைதானே? அன்றைக்கே கூட்டத்துக்குப் போய்ச் சொல்லிவிடு.

அங்கே சொல், எனக்குச் சொல்ல வேண்டாம். கோபமாகச் சொல்லவில்லை. குடிக்கிறவர்களின் வீட்டாருக்கென்று 1951-ல் இருந்து அல்-அனான் என்று ஒன்று இருக்கிறது, அதன் ஆன்லைன் கூட்டத்தில் நானும் உட்காருகிறேன். கட்டம் கட்டமாகக் கறுப்புத் திரை, ஒருவருடைய கேமராவில் எப்போதும் நெற்றியும் கூரையும்தான், ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே புத்தி சொல்லக்கூடாது என்பது விதி (எனக்கு அதுதான் கஷ்டம்). அங்கே உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. நீ எனக்கு உண்மையைச் சொல்லும்போது என் குரலையும் அளந்துகொண்டே சொல்கிறாய். நான் பயந்துவிடுவேனோ என்று இரண்டு கிளாஸைக் குறைத்துச் சொல்கிறாய். அந்த மனிதர்களிடம் அதற்கு அவசியம் இருக்காது, நீ என்ன சொன்னாலும் அவர்களில் யாராவது ஒருவர் அதைவிட மோசமாகச் செய்துவிட்டுத்தான் அங்கே வந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது வழக்கம்போல வேறு கதையெல்லாம் பேசுவோம், நானாக எதுவும் கேட்க மாட்டேன். டாக்டரிடம் நேரம் கிடைத்ததும் ஒரு வரி மட்டும் போட்டுவிடு. அதுவரைக்கும் அளவை நீயாகக் குறைக்காதே, நிறுத்தாதே. இந்த வாரமே பார்.

அப்பா