பக்தி யோகம் 'ஈஸி வழி'ன்னு யாருங்க சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூன் 21 யோகா தினத்துக்கு நீங்க போட்ட நாலு பக்க இணைப்பு படிச்சேன். ஆசனம், மூச்சுப்பயிற்சி, முதுகுவலிக்கு என்ன பண்ணலாம், எல்லாம் உருப்படியா இருந்துச்சு, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா கடைசிப் பக்கத்துல "பக்தி யோகம்: எல்லாருக்கும் ஏத்த ஈஸி வழி"ன்னு ஒரு பெட்டிச் செய்தி. உடம்பு வளையாதவங்க, வயசானவங்க கண்ண மூடி சாமி பாட்டு கேட்டா போதும், டென்ஷன் குறையும், அதுதான் பக்தி யோகம்னு எழுதியிருக்கீங்க. அதப் படிச்சதுல இருந்து கை பரபரங்குது, அதான் இந்த லெட்டர்.

நான் பண்டிதர்லாம் இல்லீங்க. ஸ்ரீரங்கத்துல உத்திர வீதிப் பக்கம் ரொம்ப வருஷமா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர், வைணவ நூல்கள்ல ஊறுனவரு, வாராவாரம் கட்டுக்கட்டா நோட்டு கொண்டுவந்து காப்பி எடுப்பாரு. மெஷின் சூடாகி நின்னுடும்ல, அந்த நேரத்துல நான் அதைப் புரட்டிப் படிப்பேன், புரியாதத கேப்பேன், அவரும் ஸ்டூல்ல உக்காந்து சொல்லுவாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்.

ராமானுஜர் (பொறந்தது 1017ன்னு சொல்லுவாங்க) பிரம்ம சூத்திரத்துக்கு எழுதுன உரையான ஸ்ரீபாஷ்யத்தோட ஆரம்பத்துலயே இதைப் பேசிடுறாரு. உபநிஷத்துல தியானம், உபாசனைன்னு எந்தப் பேர்ல வந்தாலும் அது பக்திதான், பக்தின்னா விடாத நினைப்பு, எண்ணெய் ஒழுகுற மாதிரி நடுவுல அறுந்து போகவே கூடாது, அது நேர்ல பாக்குற மாதிரி தெளிவாகணும், அதுவும் பிரியத்தோட, தினமும், உசிர் போற வரைக்கும். எண்ணெய் உவமைய வாத்தியார் சொன்ன அன்னைக்கு வீட்டுல நல்லெண்ணெய டின்ல இருந்து பாட்டிலுக்கு மாத்துனேன், அப்பதான் கவனிச்சேன். தண்ணின்னா சிதறும், சளப் சளப்புன்னு சத்தம் வரும். எண்ணெய் ஒரே நூலா இறங்குது, சத்தமே கிடையாது, ஓடுதா நிக்குதான்னே தெரியல, பாட்டில்ல மட்டம் ஏறுறத வச்சுத்தான் ஓடுதுன்னு தெரியுது. சரி நாமளும் பாப்போம்னு ராத்திரி உக்காந்து ரெங்கநாதர் முகத்த நினைச்சேன். மூணாவது நிமிஷம் டோனர் தீந்துபோச்சே, நாளைக்கு யாரு டவுனுக்குப் போறதுன்னு வந்துருச்சு. நம்மளோடது எண்ணெய் இல்ல, குழாய்த் தண்ணி, அதுவும் காத்து வர்ற குழாய்.

அதோட முடியலீங்க. இந்த நினைப்பு நிக்கிறதுக்கு முன்னாடி ஏழு படி சொல்றாரு. சாப்பாட்டு சுத்தத்துல ஆரம்பிக்குது, ஆசையில மாட்டாம இருக்கறது, விடாப் பழக்கம், செய்ய வேண்டிய கடமைகள், உண்மை தயவு மாதிரி நல்ல குணங்கள்னு போயி கடைசி ரெண்டுதான் என்னைய உக்கார வச்சது. துக்கத்துல சோர்ந்து போகக் கூடாது, சரி, சந்தோஷத்துல துள்ளவும் கூடாதாம்! இதுக்கும் அடியில கர்ம யோகம், ஞான யோகம்னு ரெண்டு அஸ்திவாரம் வேற, கீதையில மொத ஆறு அத்தியாயம் அதுக்குன்னும் நடுவுல ஆறுதான் பக்தி யோகத்துக்குன்னும் ராமானுஜருக்கு முந்தின ஆசாரியர் ஆளவந்தார் பிரிச்சு வச்சிருக்காரு. எல்லாம் பண்ணாலும் பலன் குடுக்கத் தொடங்கிட்ட பழைய வினை இந்த ஜென்மத்துல தீரலன்னா இன்னும் சில ஜென்மம் காத்திருக்கணும். அப்புறம் முக்கியமான ஒண்ணு, வேதம் ஓத உரிமை உள்ளவங்களுக்குத்தான் இந்த யோகம்னு அந்தக் கால சாஸ்திரக் கணக்கு. பொம்பளைங்களுக்கு இல்ல, நாலாம் வருணத்துக்கு இல்ல. அதாவது எனக்கு இல்ல. நீங்க என்னடான்னா "எல்லாருக்கும் ஏத்த"ன்னு தலைப்பு போட்டிருக்கீங்க.

எல்லாருக்கும் உண்டானதுன்னா அது வேற, அதுக்குப் பேரு பிரபத்தி, சரணாகதி. என்னால ஆகல, கைமுதல் ஒண்ணும் இல்ல, நீதான் பாத்துக்கணும்னு ஒப்படைக்கிறது. திருப்பாவை 28ம் பாட்டுல ஆண்டாள் சொல்றதும் அதான், நாங்க மாடு மேய்க்கிற கூட்டம், அறிவுன்னு ஒண்ணும் கிடையாது, ஆனா உன்னோட இருக்கற உறவ உன்னாலயும் விட முடியாது எங்களாலயும் விட முடியாதுன்னு. இவ்வளவு கறாரா பக்தி யோகத்துக்கு இலக்கணம் எழுதுன ராமானுஜரே பங்குனி உத்திரத்தன்னைக்கு இங்க தாயார் சன்னதியில சரணாகதி பண்ணார்ங்கறது எங்க ஊர் சம்பிரதாயம். இன்னைக்கும் வருஷத்துல அந்த ஒரு நாள்தான் தாயாரும் நம்பெருமாளும் (உற்சவர்) சேர்த்தி, ஒண்ணா காட்சி குடுப்பாங்க, அப்ப ராமானுஜர் அன்னைக்குச் சொன்ன சரணாகதி கத்யத்த சேவிப்பாங்க. ஒரு வருஷம் கூட்டத்துல நசுங்கி வேர்வையில நனைஞ்சு நின்னு காதுல வாங்கியிருக்கேன், சமஸ்கிருதம், ஒரு வரி புரியல, ஆனா தன் குத்தத்த எல்லாம் வரிசையா ஒத்துக்கிட்டு பொறுத்துக்கோன்னு கேக்குற இடம் அதுல இருக்குன்னு வாத்தியார் சொல்லியிருந்ததால நின்னேன். உறையூர் மல்லர் பிள்ளை உறங்காவில்லிதாசரும் அவரு சம்சாரம் பொன்னாச்சியும் ராமானுஜருக்குச் சிஷ்யர்களா வந்தாங்கன்னா வேதம் படிச்சா வந்தாங்க?

அப்ப சரணாகதியில நம்ம பங்கு என்னன்னுதான் பின்னாடி ரெண்டு கலையா பிரிஞ்சாங்க. குரங்குக் குட்டியா பூனைக் குட்டியாங்கற கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அழகர்கோயில்ல பாத்தேன், தாய்க் குரங்கு ரெண்டு கையாலயும் ஒரு அம்மா பையில இருந்த வாழைப்பழத்த இழுக்குது, குட்டி வயித்துல தானே இறுக்கிப் புடிச்சுத் தொங்குது, தாய் அதைத் தொடக்கூட இல்ல. நம்ம பக்கம் கொஞ்சமாச்சும் பிடிப்பு வேணும்ங்கற வடகலை அது. என் கடைப் பரண்ல பேப்பர் பண்டலுக்குப் பின்னாடி பூனை குட்டி போட்டுச்சு, இடம் மாத்தறப்ப பிடரியக் கவ்வுன உடனே குட்டி காலச் சுருட்டிக்கிட்டு துணி மாதிரி தொங்கிப் போச்சு. அது தென்கலை. வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் இதே ஊர்ல இருந்து எழுதுனது இதைப் பத்திதான், எழுதுனது ரெண்டும் தேன், பின்னாடி வந்தவங்கதான் நாமத்துக்குப் பாதம் வேணுமா வேணாமான்னு கோர்ட்டு வரைக்கும் போனாங்க, அத விடுங்க.

இப்ப அந்த டென்ஷன் சமாச்சாரத்துக்கு வரேன். பதஞ்சலி யோகத்துல ஈசுவரன நினைக்கறது மனசு அடங்கறதுக்கு ஒரு வழி, பல வழியில ஒண்ணு. அங்க நீங்க சொன்னது ஓரளவு பொருந்தும். பக்தியில அப்படி இல்ல, அவன்தான் போய்ச் சேர வேண்டிய இடமே, மனசு அடங்குறதுக்கு அவன மாத்திரை மாதிரி போட்டுக்க முடியாது. நம்மாழ்வார் திருவரங்கத்தப் பாடுன பதிகத்துல (திருவாய்மொழி ஏழாம் பத்து) ஒரு அம்மா அரங்கன்கிட்ட தன் பொண்ணப் பத்திப் புலம்புறா, ராத்திரி பகல் கண்ணு மூட மாட்டேங்கறா, கண்ணீர கையால வாரி இறைக்கிறா, இவளுக்கு நீ என்னதான் பண்ணப் போற அப்படின்னு. ஆழ்வார் தன்னையே அந்தப் பொண்ணா வச்சுப் பாடுறாரு. இது டென்ஷன் குறைஞ்ச ஆளாங்க? ஆழ்வாரத் தூங்க விடாம பண்ணதுதான் பக்தி. உங்க பெட்டியில போட்டிருந்த படத்துல ஹெட்போன் மாட்டிக்கிட்டு சிரிச்ச முகமா உக்காந்திருக்கற பொண்ணப் பாத்தா எனக்கு அந்தப் பதிகம்தான் ஞாபகம் வந்துச்சு.

பாட்டு கேக்காதீங்கன்னு சொல்லல. நானே காலைல கடை தொறந்த உடனே பாசுரம் போடுவேன். கீதை 12ம் அத்தியாயத்துல கண்ணனே இறங்கி வர்றாரு, மனச என்கிட்ட வை, முடியலையா பழகு, அதுவும் முடியலையா எனக்காக வேலையப் பண்ணு, அதுவும் ஆகலையா பலன விட்டுடுன்னு. அந்தப் படியில கீழ எங்கயாவது நமக்கும் நிக்க இடம் இருக்கும். ஆனா கீழ்ப்படியில நின்னுக்கிட்டு இதுதான் மாடின்னு பேப்பர்ல போடக் கூடாதுல்ல.

அந்தப் பக்கத்த வாத்தியார்கிட்ட காட்டுனேன். கண்ணாடிய மாத்தி மாத்திப் படிச்சுட்டு, "ஏம்ப்பா, இதுல ஒரு காப்பி எடு"ன்னாரு. சிவப்புப் பேனாவுல ஏழு இடத்துல சுழிச்சு ஓரத்துல குறிப்பு எழுதிக் குடுத்திருக்காரு, இந்தக் கவர்லயே வச்சிருக்கேன். எழுத்து பொடியா இருக்கும், படிக்க முடியலன்னா சொல்லுங்க, பெருசு பண்ணி அனுப்புறேன், காசு வேணாம்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன்,
ஸ்ரீரங்கம்.