ஓட்டிப் பார்க்காத கார்டை 'நாங்களே டெஸ்ட் பண்ணினோம்' என்று சொல்லி வாங்கிய முன்பணம்: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: ஆர்டிஎக்ஸ் 5060 கிராபிக்ஸ் கார்டு முன்பதிவுக்குக் கட்டிய 5,000 ரூபாயைத் திருப்பிக் கேட்பது

வணக்கம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். 2025 மே இரண்டாவது வாரத்தில், கார்டு சந்தைக்கே வராத நேரத்தில், உங்கள் பெரம்பூர் கிளையில் 5,000 ரூபாய் கட்டி என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 5060 (கம்ப்யூட்டரில் கேம் படங்களை வரையும் கார்டு) புக் பண்ணினேன். அது என் தம்பி கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணம். கிளையில் நேரிலும் கேட்டாச்சு, போனிலும் கேட்டாச்சு, பதில் இல்லை. அதனால்தான் நேரடியாக உங்களுக்கு எழுதுகிறேன்.

பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கவுன்டர் கண்ணாடிக்கு அடியில் கார்டுகளின் வேகத்தைப் பட்டைகளாக ஒப்பிட்டுக் காட்டும், லேமினேட் செய்த ஒரு தாள் வைத்திருக்கிறீர்கள். பழைய 4060-க்குச் சாம்பல் நிறத்தில் குட்டையான பட்டை, 5060-க்குப் பச்சையில் அதைப்போல இரண்டு மடங்கு உயரமான பட்டை, ஓரத்தில் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 எல்லாவற்றிலும் குட்டையாக. அதைப் பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வியே, "இந்த நம்பர் யார் எடுத்தது அண்ணா, ரிவ்யூ எதுவும் இன்னும் வரலையே?" என்பதுதான். உங்கள் ஆள் சொன்னார்: "நாங்களே ஓட்டிப் பார்த்து எடுத்தது தம்பி, நம்பி புக் பண்ணுங்க, ஸ்டாக் வந்த அன்னைக்கே காலியாயிடும்."

ஓட்டிப் பார்த்திருக்கவே முடியாது. கார்டு கையில் இருந்தாலும் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இல்லாமல் அது ஓடாது, 5060-க்கான டிரைவர் பொதுவில் வந்ததே விற்பனை தொடங்கிய மே 19-ம் தேதிதான். வழக்கமாகச் சில நாட்கள் முன்னாடியே டிரைவர் வாங்கிச் சோதிக்கும் விமர்சகர்களுக்கே என்விடியா இந்த முறை தரவில்லை. சில இடங்களுக்கு மட்டும், தாங்கள் சொல்லும் கேம், தாங்கள் சொல்லும் செட்டிங் என்ற நிபந்தனையோடு தந்ததாக கேமர்ஸ் நெக்ஸஸ், ஹார்டுவேர் அன்பாக்ஸ்டு போன்ற யூடியூப் விமர்சகர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். நிலைமை அப்படி இருக்க, பெரம்பூரில் ஒரு கடைக்கு மட்டும் டிரைவர் எங்கிருந்து வந்தது? இதற்கு எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

அந்தத் தாளை அன்றே போட்டோ எடுத்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 4060-க்கு பிரேம் ஜெனரேஷன் 2 மடங்கு, 5060-க்கு 4 மடங்கு. மொத்தக் கதையும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. பிரேம் என்பது திரையில் வரும் ஒரு படம். 4060, தான் வரைந்த ஒவ்வொரு பிரேமுக்கும் இடையில் ஒரு பிரேமை ஊகித்துச் செருகும், 5060 மூன்று வரைக்கும் செருகும். செருகியதையும் சேர்த்து மொத்த பிரேம் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினால் பட்டையும் இரண்டு மடங்காகத்தானே தெரியும்? கார்டின் பலம் அவ்வளவு கூடியதாக ஆகிவிடாது. நிஜமாக 30 பிரேம் வரைந்து திரையில் 120 என்று காட்டினாலும், மவுஸை அசைக்கும்போது கைக்குத் தெரிவது அந்த 30-ன் தாமதம்தான். சுயாதீன ரிவ்யூக்கள் வந்த பிறகு பார்த்தால், செருகல் இல்லாத நேர் ஒப்பீட்டில் 4060-ஐ விடச் சுமார் 20, 25 சதவீதம் வேகம். அது மோசம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இரண்டு மடங்கு எங்கே, இது எங்கே!

அதுவும் என் தம்பி தினமும் ஆடுவது வேலரன்ட். அதில் டிஎல்எஸ்எஸ்ஸே (இந்தப் பிரேம் செருகலைத் தரும் என்விடியாவின் வசதி) கிடையாது, ஆகவே அந்தப் பச்சைப் பட்டைக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. அவன் என்ன ஆடுகிறான் என்று புக் பண்ணும்போதே சொன்னேன்.

அப்புறம் போர்டு விஷயம். எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது பி450 மதர்போர்டு, உங்கள் கடையிலேயே வாங்கியது, பில் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் கார்டுக்குத் தகவல் போய்வரும் பாதையான பிசிஐஇ, பழைய 3.0தான். 5060 அந்தப் பாதையில் எட்டு லேன் (தடம்) மட்டும் பயன்படுத்தும் கார்டு, மெமரியும் 8 ஜிபி. புதிய கேம்களில் டெக்ஸ்ச்சரைக் கூட்டி வைத்து 8 ஜிபி நிரம்பிவிட்டால் மிச்சம் சாதாரண ரேமுக்குப் போய் வரவேண்டும், பழைய போர்டில் அந்தப் பாதை இன்னும் குறுகல், கேம் திக்கித் திக்கி ஓடும். இதையெல்லாம் விசாரித்துச் சொல்வதற்குத்தானே ஆன்லைனை விட்டுவிட்டுக் கடைக்கு வருகிறோம்?

ஜூன் 5-ம் தேதி ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி வந்தது. அதில் 16 ஜிபி மாடல் இருக்கிறது, பதினாறு லேனும் பயன்படுத்துகிறது. அறிவித்த விலை 5060-க்கு 299 டாலர், இதற்கு 349. எங்கள் போர்டுக்கு அதுதான் பொருத்தம். அந்தக் கம்பெனி மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை, அறிமுகத்தின்போது அவர்களும் தங்கள் 16 ஜிபி கார்டை எதிராளியின் 8 ஜிபி கார்டோடு நிற்கவைத்துத்தான் படம் காட்டினார்கள். யார் போட்ட பட்டையாக இருந்தாலும், வெளியாள் சோதித்துச் சொல்லும் வரைக்கும் அது விளம்பரம்தான். விளம்பரத்தை விளம்பரம் என்று சொல்லி வைத்திருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். அதைச் சோதனை முடிவு என்று சொன்னதுதான் என் புகார்.

ரிவ்யூ வந்த பிறகு, கார்டை எடுப்பதற்கு முன்பே, புக்கிங்கை ரத்து பண்ணுங்கள், இல்லையென்றால் 9060 எக்ஸ்டிக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன். "அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாது, வேணும்னா கீபோர்டு, ஹெட்செட் எடுத்துக்குங்க" என்றார்கள். என் ரசீதில் அப்படி ஒரு நிபந்தனை எங்கேயும் அச்சாகவில்லை.

5,000 ரூபாயை முழுதாகத் திருப்பித் தர வேண்டும், கீபோர்டு எதுவும் வேண்டாம். கவுன்டரில் இருக்கும் தாளை எடுத்துவிடுங்கள், வைத்தே ஆகவேண்டும் என்றால் நம்பர் தயாரிப்பாளர் கொடுத்தது என்பதையும் பிரேம் ஜெனரேஷன் விவரத்தையும் பட்டை அளவுக்குப் பெரிய எழுத்தில் போடுங்கள். இனிமேல் சுயாதீன ரிவ்யூ வருவதற்கு முன் புக்கிங் எடுத்தால், ரிவ்யூ வந்த பிறகு ரத்து பண்ணும் உரிமையை ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள்.

பதினைந்து நாளில் பதில் வரவில்லை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ரசீது நகல், தாளின் போட்டோ, பொடி எழுத்தைப் பெரிதாக்கிய போட்டோ மூன்றும் இணைத்திருக்கிறேன். பணத்தை முன்பதிவு செய்த அதே ஜிபே எண்ணுக்கே அனுப்பலாம்.

இப்படிக்கு,
உங்கள் பெரம்பூர் கிளை வாடிக்கையாளர்