பொழுது போகாதவர்கள் செய்கிற வேலை அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், பருவநிலை மாற்றத்துக்காகப் போராடுகிற கிரேட்டா துன்பர்க் பெயரை வைத்த வண்டைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அதன் கடைசி வரி இது: "ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சிக்குப் பெயர் வைப்பதும் ஒரு வேலைதான், பொழுது போகாதவர்களுக்கு!" படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. உங்கள் பத்திரிகையை எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து வாங்குகிறோம், அந்த உரிமையில் சொல்கிறேன், இந்த வரியை நீங்கள் விட்டிருக்கக் கூடாது.

அதற்குப் போட்ட படமும் தப்பு. செய்தி நெல்லோப்டோடஸ் கிரேட்டே பற்றியது, கிரேட்டா பெயர் வைத்த அந்த வண்டின் அறிவியல் பெயர் அதுதான், அதன் நீளம் 0.79 மில்லிமீட்டர். படத்தில் இருப்பதோ தென்னங்குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு, கொம்போடு. எங்கள் மாவட்டத்தில் தென்னை வைத்திருக்கிற யாரிடம் காட்டினாலும் சொல்லிவிடுவார்கள், மரத்தில் ஏறிக் கம்பியால் அதைக் குத்தி எடுத்தவர்கள் எத்தனையோ பேர் இங்கே உண்டு. கிரேட்டே வண்டுக்குக் கண்ணும் இல்லை, சிறகும் இல்லை, மண்ணுக்குள்ளும் சருகுக்குள்ளும் வாழ்கிற சாதி அது. இரண்டுக்கும் வண்டு என்பதைத் தவிர வேறு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"கென்யக் காட்டில் கண்டுபிடித்தார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் வைத்த மைக்கேல் டார்பி அதைக் காட்டில் போய்ப் பிடிக்கவில்லை. வில்லியம் பிளாக் என்பவர் 1964, 65-ல் நைரோபியில் மண்ணும் சருகும் சேகரித்தார். அந்த மாதிரிகள் பிறகு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. டார்பி அதை எடுத்துப் பார்த்து, இது இதுவரை யாரும் எழுதாத வண்டு என்று கட்டுரை வெளியிட்டது 2019-ல். நடுவில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அத்தனை காலமும் அந்தப் புட்டிகள் காயாமல், லேபிள் அழியாமல் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் செய்தியில் அவர்களுக்கு அரை வரிகூட இல்லை, எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஏன் என்றால் நானும் அந்த வேலை பார்த்தவன். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். ஆராய்ச்சி மாணவர்கள் கீரிப்பாறைப் பக்கமிருந்து சருகை மூட்டை கட்டிக் கொண்டுவருவார்கள். அதைச் சல்லடைத் தட்டு வைத்த பெரிய புனலில் கொட்டி, மேலே பல்பு எரியவிட்டு, கீழே ஆல்கஹால் புட்டி வைக்க வேண்டும். சூடு தாங்காமல் பூச்சிகள் கீழே கீழே இறங்கிப் புட்டியில் விழும். காலையில் பார்த்தால் அடியில் கொஞ்சம் தூசி படிந்த மாதிரி இருக்கும். அந்தத் தூசியை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, இருப்பதிலேயே மெல்லிய தூரிகையின் நுனியை நனைத்து ஒன்றை மெதுவாகப் புரட்டினால், ஆறு கால், கொம்பு கொம்பாக உணர்கொம்பு, முதுகில் மயிர் வரிசை எல்லாம் தெரியும். மூச்சை வேகமாக விட்டால்கூட நகர்ந்துவிடும், அதனால் பக்கத்தில் யாரும் மின்விசிறி போட மாட்டோம்.

அதைப் புது இனம் என்று சொல்வது அதற்கு அப்புறம் வருகிற வேலை. வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் வண்டுகள் ஏராளம். ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பு, பெண்ணின் வயிற்றுக்குள் விந்தைச் சேர்த்து வைக்கிற பை, இவற்றைப் பிரித்தெடுத்து ஸ்லைடில் வைத்து, ஏற்கெனவே பெயருள்ள எல்லா உறவுக்கார வண்டுகளோடும் ஒப்பிட வேண்டும். உலகத்தில் இதுவரை பெயரிட்ட வண்டுகள் மட்டும் சுமார் 4 லட்சம். ஒப்பிட வேண்டிய மூல மாதிரி லண்டனில் ஒன்று இருக்கும், பாரிஸில் ஒன்று இருக்கும். எல்லாம் முடிந்து, ஒரு மாதிரியை ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி, என்று குறித்து, பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயரோடு காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். நம் நாட்டில் 2002 பல்லுயிர்ச் சட்டமும் புது இனத்தைக் காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. பொழுது போகாதவர் இதைச் செய்ய மாட்டார் ஐயா.

நாங்கள் சேர்த்து வைத்த பெட்டிகள் என்ன ஆயின தெரியுமா? ஸ்மார்ட் கிளாஸ் கட்டுவதற்காக அறையைக் காலி செய்யச் சொன்னார்கள், பெட்டிகளை வராந்தாவில் அடுக்கினார்கள். அந்துருண்டை தீர்ந்துபோனது, திரும்பப் போட ஆளில்லை. காய்ந்த பூச்சியைத் தின்கிற வண்டுப் புழு ஒரு வகை இருக்கிறது, அது புகுந்துவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் திறந்தபோது ஊசிகள் வரிசையாக நின்றன, ஊசியில் லேபிள் இருந்தது, பூச்சியைக் காணோம். அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வரவில்லை. அதே வாரம் ஒரு நடிகரின் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடிய செய்தி கலர் படத்தோடு வந்தது.

இப்போது குலசேகரத்தில் இருக்கிறேன், சுற்றிலும் ரப்பர். கோடை மழை தொடங்கியதும் கறுப்பு வண்டு கூட்டம் கூட்டமாக வீட்டுக்குள் ஏறிவிடும், ஓட்டுக்கு அடியில் அப்பிக்கொள்ளும், விளக்கு போட்டால் சோற்றுத் தட்டில் வந்து விழும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருட்டில் சாப்பிடுகிற வீடுகள் இங்கே உண்டு. உங்கள் பத்திரிகை ஒவ்வொரு வருஷமும் ஒரே தலைப்புதான் போடுகிறது: "மர்ம வண்டுகள் படையெடுப்பு, பொதுமக்கள் அச்சம்." இதில் என்ன மர்மம்? அதன் பெயர் லூப்ரோப்ஸ் டிரிஸ்டிஸ். ஃபாப்ரீசியஸ் என்கிற பூச்சியியலாளர் 1801-லேயே எழுதி வைத்துவிட்டார். ரப்பர் இலை உதிர்கிற காலத்தில் சருகுக்குள் பெருகும், மழை விழுந்ததும் ஒதுங்க இடம் தேடும், கடிக்காது, நசுக்கினால் வருகிற நீர் தோலில் பட்டால் எரியும். கேரளத்தில் இதையெல்லாம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பெயர் தெரிந்தால்தான் அதைத் தேடிப் படிக்க முடியும். மர்ம வண்டு என்று போட்டால் ஜனங்கள் மண்ணெண்ணெயைத்தான் தேடுவார்கள்.

விவசாயப் பக்கத்திலும் இதே கதைதான். மட்டி வாழைக்குத் தண்டுக் கூன்வண்டு வேறு, கிழங்குக் கூன்வண்டு வேறு, ஒன்று தண்டைத் துளைக்கும், மற்றது கிழங்கைத் துளைக்கும். இரண்டுக்கும் ஒரே படத்தைப் போட்டு "வாழையில் வண்டு" என்று முடித்துவிட்டீர்கள்.

சின்னப் பூச்சிக்குப் பெயர் வைத்து என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது நீர்ப்பாசி கதை. கேரளத்தில் குட்டநாட்டு வாய்க்கால்களை அடைத்துக் கிடந்ததே, ஆப்பிரிக்கன் பாயல், சால்வினியா மொலஸ்டா என்கிற மிதக்கும் களைச்செடி, நீங்கள் அறியாததல்ல. அதை முதலில் வேறொரு சால்வினியா என்று நினைத்து, அந்தச் செடியில் இருந்த ஒரு கூன்வண்டை ஆப்பிரிக்காவில் விட்டுப் பார்த்தார்கள், பாசி அடங்கவில்லை. இந்தச் செடி தனி இனம் என்று மிட்செல் என்கிற ஆய்வாளர் 1972-ல் எழுதினார். அதன் சொந்த ஊர் தென்கிழக்கு பிரேசில் என்று 1978-ல் தெரிந்தது. அங்கிருந்து கொண்டுவந்த வண்டை 1980-ல் ஆஸ்திரேலியாவில் மூண்டாரா ஏரியில் விட்டார்கள், ஒரு வருஷத்துக்குச் சற்று மேலே, ஏரி துடைத்துவிட்டதுபோல் ஆனது. பழைய வண்டுதான் இது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். உற்றுப் பார்த்தபோது வேறு இனம். கால்டர், சாண்ட்ஸ் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் 1985-ல் அதற்கு சிர்டோபேகஸ் சால்வினியே என்று பெயர் கொடுத்தார்கள். வண்டின் நீளம் இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். நம் நாட்டுக்கும் 1980-களில் பெங்களூருக்குக் கொண்டுவந்து, பிறகு கேரளத்திலும் விட்டார்கள், அங்கேயும் பாசி அடங்கியது. எந்த வண்டு எந்த வண்டு என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அடுத்த நாட்டுக்காரன் மறுபடியும் பழைய வண்டையே கொண்டுபோய் விட்டிருப்பான்.

கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 2008-ல் அறிவிக்கப்பட்டது, 402 சதுர கிலோமீட்டர். அதைப் பற்றி நீங்கள் எழுதினால் யானை, புலி, அதோடு சரி. மாறாமலைச் சருகுக்குள் பெயரில்லாமல் என்னென்ன கிடக்கிறது என்று பார்க்கக் குனிகிற பிள்ளைகள் இன்றைக்கும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். உங்கள் ஞாயிறு இணைப்பை அவர்கள் வீட்டிலும்தான் வாங்குகிறார்கள். இதுக்கா இத்தனை படிப்பு என்று ஏற்கெனவே கேட்கிற அப்பா அம்மாவிடம் அந்த வரியை நீங்களே எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு, அதே பக்கத்தில், படம் தவறு என்று இரண்டு வரி போடுங்கள். கோடை மழை வந்து ரப்பர் வண்டுச் செய்தி எழுதும்போது தலைப்பில் "மர்ம" வேண்டாம், பெயரையே போடுங்கள். எழுத்து சரிதானா என்று சந்தேகம் வந்தால் மாவட்டத்தில் எந்தக் கல்லூரி விலங்கியல் துறைக்கு வேண்டுமானாலும் ஒரு போன் செய்யுங்கள், சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்