ஓடையின் கற்களை அள்ளாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலத்துக்கு முன் மலையக ஓடைகளைத் துப்புரவு செய்வது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். குப்பையும் பொலித்தீனும் அகற்றப்பட வேண்டியவைதான். ஆனால் கினிகத்தேனைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் பெக்கோ இயந்திரத்தை இறக்கி, கற்களையும் சேர்த்து வாரி, இரு கரையிலும் கொங்கிரீட் போட்டுவிட்டார்கள். அங்கே தாராளமாக இருந்த கல்பாண்டியா மீனை இப்போது காண முடிவதில்லை.

சிங்களத்தில் கல்பாண்டியா எனப்படும் இந்த மீனுக்கு கர்ரா சிலோனென்சிஸ் என்று 1863இல் டச்சு மீனியல் அறிஞர் பிளீக்கர் அறிவியல் பெயரிட்டார். இலங்கைக்கே உரிய மீன். எவ்வளவு வளர்ந்தாலும் ஒரு சாண் வராது. வாய் தலைக்கு அடியில் இருக்கும். அதற்குப் பின்னால் ஓர் ஒட்டுத்தட்டு. அதைக் கல்லில் பதித்து, மார்புத் துடுப்புகளை விரித்துப் படுத்துக்கொண்டால் நுரை தள்ளும் ஓட்டத்திலும் அசையாது. கல்லில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும். வீடும் சோறும் அதற்குக் கல்தான். தண்ணீர் கல்லில் மோதி உடையும்போது கலக்கும் காற்றும் அதற்கு வேண்டும். பட்டை பட்டையாகக் கோடு போட்ட மலை அயிரை மீனும் அந்தக் கல்லிடுக்கில்தான் ஒளிந்திருக்கும். அப்புறம், மேலே தேயிலை மலையிலும் மரக்கறிப் பாத்தியிலும் கரைந்து வரும் மண் கல்லை மூடினால் பாசியும் போய்விடும், இடுக்கும் அடைந்துவிடும்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் வெள்ளம் வரும், அதனால்தான் கல்லை எடுக்கிறோம் என்றார்கள். பிள்ளைகளோடு அங்கே குடியிருப்பவர்களின் பயம் நியாயமானது. ஆனால் கல் இல்லாத நேர் வாய்க்காலில் தண்ணீரின் வேகம் கூடுகிறது. எங்கள் ஓடையில் கொங்கிரீட் முடியும் இடத்துக்குக் கீழே கரை அறுத்துக்கொண்டு போய், இரண்டு மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன.

பாலத்தடியிலும் மதகிலும் அடைத்து நிற்கும் கல்லை எடுக்கட்டும், மறுப்பில்லை. மற்றதை இருந்த இடத்திலேயே விட வேண்டும். எங்கள் ஓடையில் அள்ளிய கற்கள் இன்னும் பாதையோரம்தான் குவிந்திருக்கின்றன. யாராவது லொறியில் ஏற்றிக்கொண்டு போவதற்குள் பொறுப்பான அதிகாரிகள் அவற்றைத் திரும்ப ஓடையில் போடச் செய்ய வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்,
கினிகத்தேனை.