47-ஆம் பக்கத்து முத்திரை

காரைக்குடி,
ஐப்பசி 12

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. பேத்தியின் காதணி விழாவுக்கும் வராமல் இருந்துவிட்டேன். தங்கச்சியின் கோபத்தை நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, மற்றபடி இங்கு எல்லோரும் நலம். முப்பது வருடம் டெண்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நீ என்பதால், இந்தப் பக்கம் நிற்கிறவனின் நியாயத்தை உன்னிடம் கேட்கத்தான் இன்று எழுதுகிறேன்.

கல்லூரி நாளில் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு கடப்போமே, அந்த ஓடைக்குப் பாலம் கட்ட டெண்டர் வந்தது. மதிப்பு 1 கோடியே 80 லட்சம். முழங்கால் தண்ணீரில் இறங்கி நானே டேப் பிடித்து அளந்தேன். மணலும் ஜல்லியும் எங்கிருந்து வரும், எத்தனை நடை ஆகும் என்பது வரை கணக்குப் போட்டுத்தான் விலை எழுதினேன். அந்த விலை உறையை யாரும் திறக்கவே இல்லை. தொழில்நுட்பத் தகுதி உறையிலேயே என் ஒப்பந்தப்புள்ளி நிராகரிக்கப்பட்டது. எழுதிக் கேட்ட பிறகு வந்த ஆணையில் ஒரே ஒரு காரணம் இருந்தது: பணி அனுபவச் சான்றிதழில், அதைச் சரிபார்த்துச் செயற்பொறியாளர் போட வேண்டிய கையெழுத்தான மேலொப்பம் இல்லையாம்.

மேலொப்பம் இருக்கிறது. சான்றிதழை ஸ்கேன் செய்தபோது 47-ஆம் பக்கத்தில் நீல மையில் குத்திய வட்ட முத்திரை நிழல்போல் மங்கிவிட்டது, கையெழுத்தும் அதற்குள் அமிழ்ந்துவிட்டது. அசல் என் பீரோவில் பச்சைக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. ‘அசலைக் கொண்டுவந்து காட்டு’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் போய் நின்றிருப்பேன்.

தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை இப்போதுதான் வரி வரியாகப் படித்தேன். ஏற்கப்பட்டவரின் பெயரோடு, மற்றவர்களுடையது ஏன் நிராகரிக்கப்பட்டது என்ற காரணத்தையும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 10-ஆம் பிரிவு. ஆணை கைக்கு வந்த பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது 11-ஆம் பிரிவு. பத்தே நாள்! ஆறாம் நாள் என் மனுவை மருமகன் சென்னைக்குக் கொண்டுபோய்த் தலைமைச் செயலகத்தில் நேரில் சேர்த்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்கி வந்தார்.

இனி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், அரசின் முடிவை எதிர்க்கும் ரிட் மனு போடுவதா என்பதுதான் கேள்வி. வக்கீல் கொடுத்த தீர்ப்புகளைப் படித்ததில் இரண்டு இரவு தூக்கம் போயிற்று. 1991-இல் போதார் ஸ்டீல் வழக்கில், டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையை ஸ்டேட் வங்கி வரைவோலையாகக் கட்டாமல் யூனியன் வங்கிக் காசோலையாகக் கட்டியவரின் டெண்டரை ஏற்றது சரிதான் என்றது உச்ச நீதிமன்றம். அடிப்படை நிபந்தனை வேறு, துணை நிபந்தனை வேறு என்று பிரித்துக் காட்டியது. என் முத்திரைக்கும் அந்த நியாயம் பொருந்தும் என்று மகிழ்ந்தேன். அடுத்துப் படித்தது 2016-ஆம் ஆண்டின் சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் தீர்ப்பு. வங்கி உத்தரவாதம் டெண்டரில் விதித்த படிவத்தில் இல்லை என்பதற்காக நிராகரித்தது சரி என்றும், எந்த நிபந்தனை முக்கியம் என்பதை டெண்டர் விட்டவரே தீர்மானிக்கலாம் என்றும் அது சொல்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், என் பக்கத்து நியாயம் எந்தத் தட்டில் நிற்கும் என்று எனக்கே தெரியவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைத் தைத்தது 2006-ஆம் ஆண்டின் ஜகதீஷ் மண்டல் தீர்ப்பு. டெண்டர் கிடைக்காதவர்கள் கற்பனைக் குறைகளோடும் புண்பட்ட தன்மானத்தோடும் தொழில் போட்டியோடும் வந்து, சின்னக் குறையை மலையாக்கி நீதிமன்றத்தைத் தலையிட வைக்கப் பார்ப்பதைத் தடுக்க வேண்டும் என்கிறது. நான் அந்த ஆள்தானா? என் கோபத்தில் தன்மானமும் கலந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முத்திரை கற்பனை இல்லையே!

வக்கீல் முதலில் இடைக்காலத் தடை கேட்கலாம் என்கிறார். தடை இல்லாவிட்டால் வேலையைத் தொடங்கச் சொல்லும் ஒர்க் ஆர்டர் வேறொருவருக்குப் போய்விடும், மனுவுக்கு வேலையே இருக்காது என்பது அவர் வாதம். 1979-ஆம் ஆண்டின் ரமணா ஷெட்டி வழக்கை நினைத்துப் பார்த்தால் அவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. பம்பாய் விமான நிலையத்துச் சிற்றுண்டிக் கடைகளுக்கான அந்த டெண்டரில், தானே விதித்த தகுதியை அதிகாரியே மீறக்கூடாது என்று நீதிமன்றம் ஆணித்தரமாகச் சொன்னது. ஆனால் மனுதாரர் தாமதமாக வந்தார், அதற்குள் எதிர்த்தரப்பு பணம் போட்டுவிட்டது என்பதையும் பார்த்து, அவருக்கு நிவாரணம் கொடுக்காமல் அனுப்பிவிட்டது. சட்டம் ஜெயித்தது, வழக்குப் போட்டவர் வெறுங்கையோடு வீடு திரும்பினார். இன்னொரு பக்கம், உள்கட்டமைப்பு வேலைகளுக்குத் தடை கூடாது என்று 2018-இல் மத்திய அரசின் சட்டத்தையே திருத்திவிட்டார்கள், 2022-இல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கிலும், தடைக்குப் பதில் நஷ்டஈடு கேட்கச் சொல்வதே நல்லது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திறக்காத உறைக்கு நஷ்டஈடு என்று எதைக் கணக்குக் காட்டுவேன், கணக்குப்பிள்ளை?

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். போன வெள்ளிக்கிழமை மழை விட்டதும் ஓடைக்குப் போய் நின்றேன். அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, முன்னால் போகிறவன் சட்டையைப் பின்னால் வருகிறவன் பிடித்துக்கொண்டு, வரிசையாக இறங்கி வந்தார்கள். நான் தடை வாங்கினால் அடுத்த ஐப்பசியிலும் அவர்கள் இப்படித்தான் வருவார்கள். அதனால் தடை கேட்க மாட்டேன் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். என் விலை உறையைத் திறந்து பார்க்க வேண்டும், அசலைக் கேட்காமல் நிராகரித்தது தவறு என்று எழுத்தில் வர வேண்டும். இந்த இரண்டை மட்டும் கேட்டு மனுத் தயாரிக்கச் சொல்லியிருக்கிறேன். பைத்தியக்காரத்தனம் என்கிறான் மகன். நம் சர்வே வாத்தியார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும்.

புதன்கிழமை மனுவில் கையெழுத்திட வேண்டும். இத்துடன் 47-ஆம் பக்கத்தின் இரண்டு நகல்களை வைத்திருக்கிறேன். ஒன்று அவர்கள் திரையில் பார்த்தது, மற்றது அசலிலிருந்து எடுத்தது. முதலாவதை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். பணியில் இருந்த நாளில் அது உன் மேஜைக்கு வந்திருந்தால் குறிப்பேட்டில் என்ன எழுதியிருப்பாய் என்று, நான் உன் நண்பன் என்பதை மறந்துவிட்டு, செவ்வாய்க்குள் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்